லைசென்ஸ் பிரிவுக்கு ஒரு மேலாளர்: மாநகர் மன்ற ஆள்சேர்ப்பு பற்றி ஒரு மதிப்புரை

மலேசியாவில் மாநகர் மன்ற வேலைகள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலில் ‘வணிக உரிமப் பிரிவு மேலாளர்’ என்ற வரி அகப்படுவது அபூர்வம். அகப்படுவதெல்லாம் ‘நிர்வாக அதிகாரி, கிரேட் என்9’, ‘உதவி நிர்வாக அதிகாரி, கிரேட் என்5’, ‘அமலாக்க உதவியாளர்’ இவைதாம். மேலாளர் நாற்காலி காலியாகும்போது அதில் உட்காரப் போகிறவர் பெரும்பாலும் பல வருடமாக உள்ளேயே இருப்பவர். ஆகவே பினாங்கு மாநகர் மன்றமோ கோலாலம்பூர் மாநகர் மன்றமோ லைசென்ஸ் பிரிவுக்கு எப்படித் தலைவரைப் பிடிக்கிறது என்று மதிப்பிட வேண்டுமானால், பார்க்க வேண்டியது பட்டதாரிகள் நுழையும் அந்த என்9 விளம்பரத்தைத்தான். வாசல் அது. மற்றதெல்லாம் மாடிப்படி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சான்றிதழைச் சரிபார்ப்பதில் இந்த முறை கெட்டி. வேலைக்குத் தோதான ஆளா என்று பார்ப்பதில் சோடை.

அந்த மேசைக்கு வருவது என்ன?

பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஒருவர் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை திறக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தின் பதிவு கையில் இருக்கிறது. தனி உரிமையாளர் என்றால் கடைப் பெயரில் வருடத்துக்கு 60 ரிங்கிட், சொந்தப் பெயரில் 30 ரிங்கிட்; வணிகம் தொடங்கி 30 நாளுக்குள் பதிந்திருக்க வேண்டும். அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. எஸ்எஸ்எம் தருவது பெயர்ப் பதிவு மட்டும். கடை நடத்தும் உரிமம் மன்றத்துடையது. அந்த உரிமத்துக்காக ஃபைல் பல கை மாறும். அந்தக் கட்டடத்தை உணவகமாகப் பயன்படுத்தலாமா என்று ஒரு பிரிவு பார்க்கும். தீயணைப்புத் துறை பார்க்கும். சமையல்காரர், பரிமாறுபவர் எல்லாரும் உணவு கையாளும் பயிற்சிக்குப் போனார்களா, 3 வருடத்துக்கு ஒருமுறை போடவேண்டிய டைபாய்டு ஊசி போட்டார்களா என்று சுகாதாரப் பிரிவு பார்க்கும். கடைசியில் பெயர்ப்பலகை.

பலகையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். கோலாலம்பூரில் 1982ஆம் ஆண்டின் விளம்பரத் துணைச் சட்டப்படி பலகையில் மலாய் எழுத்து மற்ற எழுத்தைவிடப் பெரிதாகவும் எடுப்பாகவும் இருக்கவேண்டும். கடைக்காரர் கொண்டுவரும் வரைபடத்திலோ நடுவில் ஒன்றரை அடிக்குத் தமிழில் கடைப் பெயர், மேலே விரற்கடை அகலத்தில் ‘ரெஸ்டோரான்’ என்று மலாய். அவரிடம் அரசின் மலாய் மொழி அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் உறுதிக் கடிதம் இருக்கும். அதைக் காட்டி, “மொழி சரி என்று எழுதியே கொடுத்துவிட்டார்களே” என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை. டேவான் பார்ப்பது சொல்லும் எழுத்துக்கூட்டலும். அளவும் இடமும் பார்ப்பது மன்றம். இரண்டும் வேறு வேறு சோதனை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கடிதம் வந்த சந்தோஷத்தில் பலகையை அச்சுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு இரண்டாம் முறை காசு கொடுத்து மாற்றுவார்.

நல்ல மேலாளர் என்ன செய்வார்? அளவு குறித்த மாதிரிப் பலகை ஒன்றை ஒரே தாளில் வரைந்து, விண்ணப்பப் பாரத்தோடு சேர்த்துக் கொடுக்கச் செய்வார். அந்த ஒரு தாள் குறைக்கும் அலைச்சலை எந்தப் புதுக் கணினி முறையும் குறைக்காது. மேலாளர் வேலையின் சாரம் இதுதான். தன் பிரிவின் கையில் இல்லாத நாலு பிரிவுகளிடமிருந்து பதிலை வரவழைக்கவேண்டும். எது ஏன் தங்குகிறது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். கவுன்டரில் நிற்பவருக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுக்கவேண்டும்.

இதோடு சட்ட அதிகாரமும் சேர்கிறது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம், அதாவது சட்டம் 171, பிரிவு 107 மன்றத்துக்குத் தரும் பலம் கொஞ்சநஞ்சமல்ல. உரிமத்தைக் காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். ரத்தானதற்கு நஷ்டஈடும் கேட்க முடியாது. இவ்வளவு கூரான கத்தியை யார் கையில் கொடுக்கிறோம் என்று ஆள் எடுக்கும்போதே யோசிக்கவேண்டாமா?

விளம்பரம்

இரண்டு பக்க விளம்பரத்தில் கல்வித் தகுதிக்கு முக்கால் பக்கம் போய்விடும். கடமைகள் பகுதியில் ‘நிர்வாகம், மனித வளம், நிதி, வளர்ச்சி தொடர்பான பணிகளைத் திட்டமிடுதல், செயல்படுத்துதல்’ என்ற பாணியில் ஒரு வரி. எந்தத் துறையில் போடுவார்கள், எத்தனை பேரை மேய்க்கவேண்டும், கவுன்டர் உண்டா, களச் சோதனை உண்டா என்று ஒரு சொல்லும் கிடையாது. 5க்கு 2 கொடுக்கலாம். அந்த இரண்டும் தகுதியைக் குழப்பமில்லாமல் எழுதுவதற்காக.

கிரேடு எண்களைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். 2024 டிசம்பர் 1 முதல் புதிய சம்பள முறையான எஸ்எஸ்பிஏ வந்ததும் பழைய எண்கள் சுருங்கிவிட்டன. பழைய 41 இப்போது 9. 44 இப்போது 10. 48 இப்போது 12, 52 இப்போது 13, 54 இப்போது 14. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். தகுதிக்கான 19 இப்போது 1, டிப்ளோமா அல்லது ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். தகுதிக்கான 29 இப்போது 5. அண்ணன் காலத்து 41தான் தம்பி காலத்து 9. பதவி இறங்கவில்லை, எண் மட்டும் இறங்கியது. சம்பள உயர்வு இரண்டு தவணையாக வந்தது: ஆதரவுப் பணியாளருக்கும் நிர்வாக, நிபுணத்துவப் பிரிவுக்கும் 2024 டிசம்பரில் 8 விழுக்காடு, 2026 ஜனவரியில் 7 விழுக்காடு. இணையத்தில் இன்னும் உலாவும் பழைய சம்பள அட்டவணையை வைத்துக் கணக்குப் போடக்கூடாது.

நடுவயதில் தனியார் துறையிலிருந்து தாவ நினைப்பவர்கள் கவனிக்கவேண்டியது வேறு. வங்கியில் கிளை மேலாளராக இருந்தவருக்கும் நேற்றுப் பட்டம் வாங்கியவருக்கும் வாசல் அதே 9தான். அனுபவத்தைக் காட்டிக் கூடுதல் சம்பளப் படி கேட்க வழி உண்டு, கிரேடு மாறாது. பணி ஓய்வு வயது 60. 42 வயதில் 9இல் நுழைபவருக்கு எத்தனை படி ஏற நேரம் இருக்கும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

எங்கே விழுகிறார்கள்?

முதல் தவறு, தப்பான வாசலில் நிற்பது. “எஸ்பிஏ-வில் பதிந்தாயிற்று, கூப்பிடுவார்கள்” என்று காத்திருக்கும் குடும்பங்கள் பல. பொதுச் சேவை ஆணையமான எஸ்பிஏ மத்திய அரசு வேலைகளுக்கு ஆள் எடுக்கும். பினாங்கு மாநில அரசு வேலைகளும் அதன் பார்வையில் வரும். ஊராட்சி மன்றம் தனி அமைப்பு. பினாங்கு மாநகர் மன்றம் தன் விளம்பரத்தைத் தானே வெளியிட்டுத் தானே விண்ணப்பம் வாங்குகிறது, கோலாலம்பூர் மன்றமும் அப்படியே. பினாங்குத் தீவுக்கு ஒரு மன்றம், பெருநிலத்தில் இருக்கும் செபராங் பிறைக்கு இன்னொரு மன்றம் என்பதையும் மறக்கக்கூடாது. செபராங் பிறையின் பட்டர்வொர்த்தில் வீடு என்பதால் தீவு மன்றத்துக்குப் போடக்கூடாது என்றில்லை, ஆனால் இரண்டு மன்றத்துக்கும் இரண்டு தனி விண்ணப்பம் வேண்டும்.

இரண்டாவது, எஸ்.பி.எம். மலாய் மொழியில் கிரெடிட். பட்டம் எவ்வளவு பளபளத்தாலும் இது இல்லாவிட்டால் முதல் சல்லடையிலேயே கழிந்துவிடும். குறைந்தது சி கிரேடு. மறுதேர்வில் வாங்கிய கிரெடிட்டும் செல்லும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பழைய எஸ்.பி.எம்.மில் வெறும் பாஸ் வாங்கி விட்டுவிட்டவர்கள் அந்த ஒரு பாடத்தை மட்டும் எழுதலாம்.

மூன்றாவது, தேதி. தகுதியெல்லாம் விளம்பரம் மூடும் நாளன்று கையில் இருக்கவேண்டும். கடைசிப் பரீட்சை எழுதியாயிற்று, பட்டமளிப்பு அடுத்த மாதம் என்பவர்கள் பல்கலைக்கழக செனட் உறுதிக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைக்கவேண்டும். தமிழ்நாட்டிலோ வேறு வெளிநாட்டிலோ படித்தவர்கள் தங்கள் பட்டம் அரசு வேலைக்கு அங்கீகாரம் பெற்றதா என்று இ-சிஸ்ராஃப் என்ற இணையத் தளத்தில் தேடிப் பார்த்த பிறகு விண்ணப்பிக்கட்டும். உள்நாட்டுத் தனியார் கல்லூரி என்றால் மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏ-வின் பதிவேட்டில் பார்க்கலாம். கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தால் போதாது, படித்த அந்தப் பாடத் திட்டத்துக்கு இருக்கவேண்டும்.

நான்காவது நம்மவர்களுக்கே உரிய தலைவலி: பெயர். பிறப்புப் பத்திரத்தில் ‘மகாலெச்சுமி’, அடையாள கார்டில் ‘மகாலெட்சுமி’, பல்கலைக்கழகச் சான்றிதழில் ‘மகாலக்ஷ்மி’. மூன்றும் ஒரே பெண்தான் என்று நமக்குத் தெரியும். பாரத்தையும் சான்றிதழையும் பக்கத்தில் வைத்து ரோமன் எழுத்தில் ஒப்பிடும் கிராணிக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. நேர்முகத் தேர்வு அழைப்பு வந்த பிறகு ஓடாமல், இப்போதே சத்தியப் பிரமாண ஆணையரிடம் போய் ‘இந்த மூன்று பெயரும் என்னையே குறிக்கும்’ என்று ஒரு சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதி வைக்கலாம். விண்ணப்பத்தில் எப்போதும் அடையாள கார்டில் இருக்கும் எழுத்துக்கூட்டலையே போடவேண்டும். தகப்பன் பெயருக்கும் இதே விதி.

நேர்முகத் தேர்வு

முறையின் கொஞ்சம் சுவையான பகுதி இது. பெரும்பாலும் மலாயில் தொடங்கி நடுவில் ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். மன்றத்தின் அமைப்பு, சட்டங்கள், நடப்பு விவகாரம் என்று கேள்விகள் போகும். மனப்பாடம் செய்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் சட்டம்தான். ஊராட்சி மன்றம் என்றால் 171, 172, 133 என்று மூன்று எண்ணை உருப்போட்டு வருகிறார்கள். பினாங்குக்கு அது சரி: 171 ஊராட்சி மன்றச் சட்டம், 172 நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், 133 தெரு, வடிகால், கட்டடச் சட்டம். கோலாலம்பூரில் போய் 172 என்றால் சரிவராது. அங்கே திட்டமிடலுக்கு 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம், எண் 267. மன்றத்தின் அடித்தளமே 1960ஆம் ஆண்டின் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டம், எண் 190. கடை உரிமத்துக்கு 2016இல் வந்த தொழில், வணிக உரிமத் துணைச் சட்டம்.

இந்த வித்தியாசம் வெறும் எண் வித்தியாசமல்ல. பினாங்கில் மேயருக்குக் கீழே மாநில அரசு நியமிக்கும் கவுன்சிலர்கள் உண்டு. சட்டப்படி அதிகபட்சம் 24 பேர். லைசென்ஸ் பிரிவின் தலைவர் அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கோலாலம்பூரில் கவுன்சிலர்களே இல்லை. மேயரான டத்தோ பண்டாரிடம் அதிகாரம் முழுக்கக் குவிந்திருக்கிறது. ஆலோசனை வாரியம் ஆலோசனை மட்டுமே சொல்லும். முதல் இடத்தில் பலரைச் சம்மதிக்க வைக்கும் திறமை வேண்டும், இரண்டாவது இடத்தில் மேலே ஒருவருக்குத் தெளிவாக எழுதும் திறமை. ஒரே கேள்விப் பட்டியலால் இரண்டையும் அளக்க முடியாது.

லைசென்ஸ் தொடர்பான வேலை என்றால் கட்டாயம் வரக்கூடிய ஒரு கேள்வி: “ஒருவர் உங்களுக்குப் பணம் கொடுக்க வந்தால்?” ‘வாங்க மாட்டேன்’ என்பது பாதிப் பதில்தான். 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் பிரிவு 25இன்படி, கொடுக்க முன்வந்ததையே புகார் செய்யவேண்டும். செய்யாமல் விட்டால் 1 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மறுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதும் குற்றம் என்று தெரிந்த விண்ணப்பதாரருக்கும் தெரியாதவருக்கும் உள்ள தூரம் பெரிது.

இதைவிட நுணுக்கமான கேள்வி ஒன்று உண்டு, அதைக் கேட்டால் நன்றாக இருக்கும். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் கடைகளெல்லாம் யாருக்காவது மாமா, மச்சான், ஊர்க்காரர். உங்கள் மச்சானின் ஃபைல் உங்கள் மேசைக்கு வருகிறது, என்ன செய்வீர்கள்? ‘நேர்மையாகப் பார்ப்பேன்’ என்பவர் தோற்றார். உறவை எழுத்தில் அறிவித்து, ஃபைலை வேறு அதிகாரியிடம் ஒப்படைத்து, முடிவு வரும்வரை அதைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பேன் என்பவர்தான் நாற்காலிக்கு ஏற்றவர்.

மாடிப்படி

உள்ளே போனதும் 1 முதல் 3 ஆண்டு தகுதிகாண் காலம், அறிமுகப் பயிற்சி, துறைத் தேர்வு. அதன்பின் பதவி உயர்வுக்கு வருடாந்தர மதிப்பெண், துறைத் தலைவரின் பரிந்துரை, சொத்து அறிவிப்பு, ஊழல் தடுப்பு ஆணையத்தின் சோதனை, ஒழுங்கு நடவடிக்கை இல்லாமை எல்லாம் வேண்டும். இன்னொன்றும் உண்டு, அதில்தான் பலர் சறுக்குகிறார்கள்: கல்விக் கடனை கட்டாமல் இழுத்தடிப்போர் பட்டியலில் பெயர் இருக்கக்கூடாது. 22 வயதில் வாங்கிய பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் 35 வயதில் பதவி உயர்வுப் பாரத்தில் வந்து உட்காரும்.

அமெரிக்க நகரங்கள் இதற்கு நேர்மாறு. அங்கே பிரிவு மேலாளர் பதவியையே திறந்து விளம்பரம் செய்கிறார்கள். சம்பளம் எவ்வளவு முதல் எவ்வளவு வரை என்று முதல் பக்கத்திலேயே அச்சிடுவது வழக்கம். ‘இத்தகைய பிரிவை நடத்தியபோது எந்த நடைமுறையை மாற்றினீர்கள், விளைவு என்ன’ என்பது போன்ற துணைக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கி, மதிப்பெண் போட்டுப் பிறகே கூப்பிடுவார்கள். வெளியில் இருந்து நேராக நாற்காலிக்கு வரலாம். அதற்கும் ஒரு குறை உண்டு: அழகாக எழுதத் தெரிந்தவர், அழகாக வேலை செய்பவரை முந்திவிடுவார். நம் முறையில் மேலாளருக்குக் கட்டடத்தின் ஒவ்வொரு அலமாரியும் தெரியும், யாரிடம் கேட்டால் ஃபைல் நகரும் என்று தெரியும். அதே காரணத்தால், அந்த ஃபைல் ஏன் அங்கே போகவேண்டும் என்று அவர் கேட்க மறந்திருப்பார்.

இரண்டுக்கும் நடுவே செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்வில், உரிமையாளர் பெயரை மறைத்து, ஆறு மாதமாகத் தேங்கிய ஓர் உண்மையான ஃபைலை மேசையில் வைக்கட்டும். 40 நிமிடம் கொடுக்கட்டும். எங்கே தங்கியது, யார் பதில் தரவேண்டும், கடைக்காரருக்கு இன்று என்ன கடிதம் போகவேண்டும் என்று மூன்றை எழுதச் சொல்லட்டும். தேதிகளை வரிசைப்படுத்தாமல் தீர்வு எழுதத் தொடங்குபவர் யார், கடைசிக் கடிதத்தை முதலில் எடுத்துப் படிப்பவர் யார் என்று தேர்வுக்குழுவுக்கு அந்த 40 நிமிடத்தில் தெரிந்துவிடும். வருடாந்தர மதிப்பெண் இதைக் காட்டாது. அதில் எல்லாருமே நல்ல பிள்ளைகள்.

விண்ணப்பிப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. என்9 விண்ணப்பம் என்பது மன்றத்துக்கான விண்ணப்பம், லைசென்ஸ் பிரிவுக்கானது அல்ல. தேர்வானவரை மனித வளத்திலோ நிதியிலோ சட்டமன்றக் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கும் மேசையிலோ போட்டுவிடலாம். கடைகள், உரிமம், களச் சோதனை இவைதான் பிடிக்கும் என்றால் சுற்றுப்புறச் சுகாதார உதவி அதிகாரி பணியையும் பார்த்து வைக்கலாம். டிப்ளோமா தகுதிக்கான பணி அது, கிரேட் யு5. உணவகத்தின் சமையலறைக்குள் நுழைந்து, வடிகாலைத் திறந்து, எண்ணெய் பிடிக்கும் தொட்டியைப் பார்த்து, இந்தக் கடைக்கு உரிமம் கொடுக்கலாமா என்று குறிப்பு எழுதுகிற ஆள் அவர்தான்.